மூதூர்க் குளிரறையில் செபஸ்தியார்

நவம்பர் கடைசி ஞாயிறு, பூசை முடிந்து சனம் வெளிக்கிட்ட பிறகு, கோயில் துடைக்க நின்ற கிறிஸ்டின் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுச் செபஸ்தியார் சொரூபத்துக்கு முன்னால் முழந்தாளில் இருந்துவிட்டாள். தூர நின்று பார்த்தவர்கள் நேர்த்தி வைக்கிறாள் என்றே நினைத்தார்கள். அவள் புனிதரின் காலடியில் கிடந்த ஒரு சிட்டிகைத் தூளை விரலில் தொட்டு, யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, இஞ்சை ஒருக்கால் வாங்கோ."

உட்காருகிற வாங்குகளை வரிசைக்கு இழுத்துக்கொண்டிருந்த இக்னேசியஸ் வந்து குனிந்தார். "ஆர் கோயிலுக்குள்ளை பாண் திண்டு தூள் கொட்டினது?"

"பாண் இல்லை. உள்ளுக்கை இருந்து ஆரோ செபஸ்தியாரைத் தின்னினம்."

மூன்றரை அடிச் சொரூபம் அது. எந்தக் காலத்திலோ கப்பலில் வந்தது. என்ன மரமென்று ஒருவருக்கும் தெரியாது. நிறம் பூசாமல் எண்ணெய் மட்டும் தேய்த்து வந்ததால் தேன் நிறத்தில் மினுங்கும். உடம்பில் ஏழு ஓட்டைகள் இருந்தன. திருவிழா அன்று பித்தளை அம்புகளை அதில்தான் செருகுவார்கள். இப்போது கிறிஸ்டின் கைபேசி வெளிச்சத்தை முதுகுப்பக்கம் பிடிக்க, குண்டூசித் தலை அளவில் வேறு ஓட்டைகள் தெரிந்தன. இக்னேசியஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணத் தொடங்கினார். கழுத்தில் இருந்து குதிகால் வரை நூற்றிப் பதின்மூன்று. ஒருமுறை எண்ணி அவருக்குத் திருப்தி வராது. இரண்டாம் முறையும் அதே நூற்றிப் பதின்மூன்று வந்த பிறகுதான் நிமிர்ந்தார். தூளையும் அப்படியே விடவில்லை. ஒரு வெறும் மருந்துப் போத்தலில் வழித்துப் போட்டு, மூடியில் தேதியை எழுதி ஒட்டினார்.

அவர் அப்படித்தான். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். துறைமுகத்தில் கப்பல் கட்டுகிற வேலை. கப்பல் அணையும்போது கயிற்றைப் பிடித்து இரும்புத் தூணில் மாட்டுகிற கூட்டத்தில் முப்பது வருடமாக நிற்கிறார். ஓய்ந்த நேரத்தில் உளியும் சீவுளியும் எடுப்பார். அவர் கை வைத்த கதவு ஒரு நூல் இடைவெளி இல்லாமல் பூட்டும் என்று பாலையூற்றில் பெயர். தகப்பன் போனபோது கிறிஸ்டினுக்கு வயது ஏழு, அவருக்கு இருபது. அன்றிலிருந்து அவளுடைய சப்பாத்து அளவில் இருந்து சோதனைச் சுட்டெண் வரை எல்லாம் அவருக்கு மனப்பாடம். விஞ்ஞானம் படிக்க வைத்தார். பல்கலைக்கழகத்துக்குச் சில புள்ளிகள் போதாமல் போன அன்று அவள் அழவில்லை. அவர்தான் குசினிக்குள் போய் நின்றுகொண்டார்.

பிறகு சீனக்குடாப் பக்கம் ஒரு பட்டறையில் அவளுக்கு வேலை கிடைத்தது. துறைமுகத்தால் வெளிநாடு போகிற சாமான்களை அடுக்குகிற மரத் தட்டுகளை, பலட் என்று எல்லாரும் சொல்கிறதை, அங்கே சூட்டறையில் வைத்து எடுப்பார்கள். மரத்துக்குள் ஒரு வண்டு உயிரோடு போய் இறங்கினாலும் அந்த நாட்டுக்காரன் முழுச் சரக்கையும் திருப்பி அனுப்புவான். பலகையின் நடுவுக்குள் ஐம்பத்தாறு டிகிரிச் சூடு ஏறி, முப்பது நிமிடம் இறங்காமல் நிற்க வேண்டும். அதற்காகப் பலகையில் துளைபோட்டு மெல்லிய வயர் முனையொன்றை விட்டுப் பார்ப்பார்கள். லேபல் எழுதச் சேர்ந்தவள் ஆறாம் மாதம் 'ஏன் ஐம்பத்தாறு? ஏன் ஐம்பது போதாது?' என்று கேட்கத் தொடங்கினாள். மூன்றாம் வருடம் சூட்டறைத் திறப்பு அவள் கையில் இருந்தது. பன்னிரண்டு ஆண்கள் வேலை செய்கிற இடத்தில் கதவைத் திற, பூட்டு என்று சொல்கிறது அவள். துறைமுகத்தில் தேத்தண்ணி குடிக்கிற எல்லாருக்கும் இக்னேசியஸ் இதைச் சொல்லியிருக்கிறார். சிலருக்கு இரண்டு தரம்.

அடுத்த ஞாயிறு கோயில் கூட்டம். மூப்பர் பாக்கியரத்தினம் முதலிலேயே விசயத்தை உடைத்தார்.

"கனடாவிலை இருக்கிற என்ரை மச்சான் புதுச் சொரூபம் ஒண்டுக்குச் சொல்லிப்போட்டார். பைபர். நீர்கொழும்பிலை செய்யினம். பூச்சி தின்னாது, பாரமும் இல்லை. உக்கினதைத் தூக்கிக்கொண்டு போய் ஊர்வலத்திலை கை கழண்டு விழுந்தால் ஆர் பொறுப்பு? ஜனவரி இருபது திருவிழாவுக்குப் புதியவர் வரட்டும். பழையவரைப் பின்னறையிலை வைப்பம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் கிறிஸ்டின் எழும்பியபோது எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சுவாமி, எனக்குப் பதினாலு நாள் தாங்கோ. உள்ளுக்கை இருக்கிற ஒரு புழு மிஞ்சாது."

"சூட்டறையிலை வைக்கப்போறியோ பிள்ளை?" என்றார் பங்குச் சுவாமியார்.

"இல்லை சுவாமி. ஒரே கட்டையிலை குடைஞ்ச சொரூபம். சூடு காட்டினால் நெஞ்சு ஒரு பக்கம், முதுகு ஒரு பக்கம் வெடிச்சுப் போம். மருந்தும் அடிக்க ஏலாது, சனம் வாய் வைச்சு முத்தி செய்யிற கால். குளிரிலை வைக்க வேணும். சைபருக்குக் கீழை இருபது டிகிரி, உறைகுளிரிலை."

"அவ்வளவு குளிர் எங்கை இருக்கு திருகோணமலையிலை?"

"மீன் பிரீசரிலை."

பின்வரிசை வாங்கில் இருந்து ஒரு குரல்: "செபஸ்தியாரை அறக்குளா மீனோடையோ வைக்கப்போறாய்?"

சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. சுவாமியாரும் சிரித்தார். ஆனால் சம்மதித்தார். ஜனவரி பத்தாம் திகதிக்குள், கொடியேற்றத்துக்கு முதல் நாளுக்குள், தூள் விழுவது நின்றால் பழையவர்; நிற்காவிட்டால் புதியவர். மூப்பரும் தலையாட்டினார்.

சொரூபம் நிற்கிற தூக்குப்பலகை ஒரு தனிக் கதை. மூன்று தேக்குப் பலகை சேர்த்து, இரண்டு பக்கமும் தண்டு வைத்தது. அது கீழ்வட்டாரத்துக்குச் சொந்தம். புயலொன்றில் ஊர் தப்பிய காலத்தில் அந்த வட்டாரத்து ஆண்கள் ஒரு நேர்த்தி வைத்தார்களாம்: செபஸ்தியார் மேலே ஏறாமல் அந்தப் பலகை கோயில் மதிலைத் தாண்டாது. ஊர்வலத்தில் முன் தண்டு பிடிக்கிற நாலு பேரில் இக்னேசியசும் ஒருவர், இருபத்தேழு வருடமாக.

"பலகையையும் ஏத்துவம் அண்ணா" என்றாள் கிறிஸ்டின், கீழே ரோச் வெளிச்சம் அடித்துப் பார்த்தபடி.

"அது வெளிக்கிடாது, தெரியும்தானே உனக்கு. தேக்கு. அதுக்கு ஒண்டும் செய்யாது."

"முழுக்கத் தேக்குத்தானே?"

"பின்னை என்ன."

அவள் பார்த்தாள். எல்லாம் ஒரே நிறம், ஒரே மினுக்கம். விட்டுவிட்டாள்.

மூதூர் முனாப்பின் மீன் லொறி டிசம்பர் பதினாலாம் திகதி வந்து நின்றது. பட்டறைக்குப் பக்கத்து மீன்வாடிக்கு மீன் கொண்டுவருகிற பழக்கத்தில் அவருக்குக் கிறிஸ்டினைத் தெரியும். அவர் வீட்டுக் கதவு நிலையில் கறையான் ஏறியபோது, குடைந்த பாகத்தை வெட்டி எடுத்து, நல்ல மரத்துக்குத் தட்டாரிடம் வாங்கிய வெங்காரத்தையும் கரம்போர்ட்டுக்குப் போடுகிற பவுடரையும் சுடுதண்ணியில் கரைத்துப் பூசச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான்.

"முனாப் நானா, உங்களுக்கு இதிலை ஏதும் சங்கடம் இருந்தால் இப்பவே சொல்லுங்கோ" என்றாள் கிறிஸ்டின்.

"என்ன சங்கடம் தங்கச்சி? உங்களுக்கு அது புனிதர். எனக்கு மரம். எண்ட பிரீசருக்குள்ள வாற எல்லாம் சரக்குத்தான். மீன் ஏத்துமதிக்காரன் கேட்டா என்ன மீனெண்டு சொல்லுறது, அத மட்டும் சொல்லித் தாங்க."

சொரூபத்தைப் பருத்திச் சீலையால் சுற்றினார்கள். மேலே தடித்த பொலித்தீன். உள்ளே இருந்த காற்றை வீட்டுத் தூசி உறிஞ்சுகிற மெசினால் இழுத்து, ஒட்டுநாடா ஒட்டி, அதற்கு மேலே இன்னொன்றும் ஒட்டினார் இக்னேசியஸ். ஈரம் உள்ளே போகக்கூடாது. வெளியே எடுக்கும்போதும் குளிர் முழுக்க இறங்கு மட்டும் சுற்று அவிழ்க்கக்கூடாது, அவிழ்த்தால் மரத்தில் வியர்த்துப் போகும் என்று கிறிஸ்டின் சொல்லச் சொல்ல அவர் ஒரு மட்டைத் துண்டில் எழுதிச் சொரூபத்தின் நெஞ்சில் ஒட்டினார். தூரத்தில் இருந்து பார்த்தால் அச்சொட்டாக ஒரு ஆளைச் சுற்றிக் கட்டியது போல இருந்தது.

அது கிண்ணியாப் பாலத்துக்கு முன்னால் வினையானது. பொலிஸ்காரர் ஒருவர் லொறியை மறித்துப் பின் கதவைத் திறக்கச் சொன்னார். திறந்தவர் இரண்டடி பின்னால் போனார்.

"மே மொகத்த? என்ன இது? யார் இது?"

"செபஸ்தியார் சேர்" என்றார் முனாப்.

"செத்தது எப்போ?"

முனாப் கூட வந்த கிறிஸ்டினைப் பார்த்தார். அவள் சொன்னாள்: "ஆயிரத்தெழுநூறு வருசம் இருக்கும் சேர்."

பொலிஸ்காரர் மட்டையில் எழுதியிருந்ததை மெல்ல எழுத்துக்கூட்டினார். விளக்கம் முழுதையும் கேட்டார். கேட்டு முடித்து, தன் வீட்டு அலுமாரியிலும் இப்படித் தூள் விழுகிறது, அதற்கு என்ன செய்யலாம் என்று ஆலோசனை கேட்டுக்கொண்டுதான் போக விட்டார்.

பதினாலு நாளும் இக்னேசியசுக்கு நித்திரை சரியில்லை. காலையும் மாலையும் முனாப்புக்கு ரெலிபோன். "இண்டைக்கு எவ்வளவு?" "இருபத்திமூணு." "கீழையோ மேலையோ?" "கீழதான் நானா. மேல இருபத்திமூணு எண்டா நான் மீன் வித்த மாதிரித்தான்." நத்தார் பூசையில் எல்லாரும் பாலன் குடிலைப் பார்க்க, அவர் வெறும் தூக்குப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபத்தெட்டாம் திகதி சொரூபம் திரும்பி வந்தது. இரண்டு நாள் சுற்றோடேயே வைத்திருந்தார்கள். முப்பதாம் திகதி அவிழ்த்தபோது ஒரு வெடிப்பில்லை, ஒரு துளி ஈரமில்லை. கிறிஸ்டின் சொரூபத்தைச் சுற்றி இரண்டு தரம் வந்தாள். மூன்றாம் தரம் அண்ணனின் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். வட்டாரத்து ஆட்கள் வந்து பழையபடி பலகையில் வைத்து நட்டுப் பூட்டினார்கள். பலகைக்குக் கீழே, அதன் இடைவெளிகளால் விழுகிற எதுவும் தப்பாதபடி, அகலமான கறுப்புத் தாள் விரிக்கப்பட்டது. புது வருடம் பிறந்தது. தாள் சுத்தம். மூன்றாம் திகதி சுத்தம். ஐந்தாம் திகதி சுத்தம்.

ஒன்பதாம் திகதி மத்தியானம் கிறிஸ்டின் பட்டறையில் நிற்கும்போது மூப்பர் படம் ஒன்று அனுப்பினார். கறுப்புத் தாள். நடுவில் வெள்ளையாகத் தூள்.

இக்னேசியஸ் துறைமுகத்தில் இருந்து நேரே பட்டறைக்குப் போனார். அவள் சூட்டறைக் கதவடியில் நின்றாள்.

"என்னிலைதான் பிழை அண்ணா. பிரீசரிலை எங்கையோ ஒரு நாள் குளிர் விட்டிருக்கும். இல்லாட்டில் பதினாலு நாள் அந்தக் கட்டைக்குக் காணாது. நான் பின்னேரக் கூட்டத்திலை சுவாமியிட்டைச் சொல்லிப்போடுறன், புதியவர் வரட்டுமெண்டு."

"அவசரப்படாதை."

"சனம் இப்பவே முனாப் நானாவைக் கதைக்குது. கரண்டை மிச்சம் பிடிக்கப் பிரீசரை நிப்பாட்டியிருப்பாராம். அந்த மனுசன் எங்களிட்டை ஒரு சதம் வாங்கேல்லை."

அவள் குரல் உடையவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. பள்ளிக்கூட முடிவு வந்த நாளிலும் அவள் இப்படித்தான் நின்றாள்.

மூப்பர் தாளை மடித்துச் சுவாமியாரின் அலுமாரியில் சான்றாக வைத்திருந்தார். இக்னேசியஸ் சுவாமியார் இருக்கிற மிசன் வீட்டுக்குப் போய், பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கேட்டு வாங்கினார். யன்னலடியில் விரித்தார். படத்தில் எல்லாத் தூளும் ஒன்றுதான். கையில் அப்படி இல்லை. சட்டைப் பையில் இருந்து மருந்துப் போத்தலை எடுத்து, நவம்பர்த் தூளை இடது பெருவிரலிலும் புதுத் தூளை வலது பெருவிரலிலும் வைத்துத் தேய்த்தார். இடது கையில் ரவை போல நெருடியது. வலது கையில் ஒன்றுமே இல்லாததுபோல வழுக்கியது, முகத்துக்குப் பூசுகிற பவுடர் மாதிரி. திரும்பவும் தேய்த்தார். அதேதான்.

ஒரே பூச்சி இரண்டு விதமாய் அரைக்காது. அப்படியானால் இது வேறு பூச்சி, வேறு மரம்.

முகப்பவுடர். அந்தச் சொல்லை அவர் முன்பும் கேட்டிருக்கிறார். ஒரு பின்னேரம் சாப்பிடும்போது கிறிஸ்டின் சொன்னது: எங்கடை இடத்திலை றப்பர் மரப் பலகைதான் பெரிய தலையிடி அண்ணா, சூடு காட்டாமல் வைச்சால் முகப்பவுடர் மாதிரிக் கொட்டும்.

அவர் தாளை மடித்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தார்.

இரண்டு வருடத்துக்கு முன் தூக்குப்பலகையின் நடுப்பலகை ஒரு பக்கம் பிளந்திருந்தது. திருவிழாவுக்கு நாலு நாள். தேக்கு கிடைக்கவில்லை. தளபாடக் கடையொன்றில் மிஞ்சிய றப்பர் பலகை நல்ல வெள்ளையாய், வளைவில்லாமல் இருந்தது. சீவி, பொருத்தி, தேக்கு நிறம் ஏழு தரம் பூசி, ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் மணல்தாள் போட்டுத் தேய்த்து, பழைய பலகையின் ரேகையைக் கூட மெல்லிய தூரிகையால் இழுத்துவிட்டிருந்தார். வட்டாரத்தில் ஒருவருக்கும் பேதம் தெரியவில்லை. அந்தக் கைவேலையில் அவருக்கு அவ்வளவு பெருமை. அந்தப் பெருமையில் அவரே அதைத் தேக்கு என்று நம்பத் தொடங்கியிருந்தார். தங்கச்சி ரோச் அடித்துக் கேட்டபோது வாய் தானாகச் சொன்னது.

கோயிலுக்குள் ஒருவரும் இல்லை. இக்னேசியஸ் பீடத்தடியில் மல்லாந்து படுத்துப் பலகையின் அடிப்பக்கம் வெளிச்சம் பிடித்தார். தான் செய்த துண்டில், தான் இழுத்த ரேகையின் மேலேயே, ஊசிக் குத்துகள். மற்ற இரண்டு பலகையும் சுத்தம். படுத்தபடியே யோசித்தார். கூட்டத்துக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. பேசாமல் விட்டால் புதியவர் வருவார்; இந்தத் துண்டை ஒரு நாள் ஆறுதலாக மாற்றிவிடலாம்; ஆருக்கும் தெரியாது. கீழ்வட்டாரத்தில் முன் தண்டு பிடிக்கிறவன் நேர்த்திப் பலகையில் கள்ளத் துண்டு போட்டான் என்கிற கதையும் வராது.

வெளியே மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. முனாப். மூதூரில் இருந்து மழையில் வந்திருந்தார். நனைந்த சட்டைக்குள்ளே இருந்து பொலித்தீனில் சுற்றிய கொப்பி ஒன்றை எடுத்தார்.

"நானா, காலையும் பின்னேரமும் எழுதின டிகிரி எல்லாம் இதுல இரிக்கு. ஒரு நாளும் மைனஸ் இருபதுக்கு மேல வரல்ல. உங்கட சுவாமிக்குக் காட்டணும். நான் மீன்ல கள்ளம் செய்யாதவன், இதுல செய்வனா?"

இக்னேசியஸ் அந்தக் கொப்பியை வாங்கிப் பார்த்தார். மழைத்தண்ணி அவருடைய கையில் சொட்டியது. "உள்ளுக்கை வாங்கோ முனாப். நீங்கள் ஒண்டும் காட்டத் தேவையில்லை. நான் காட்டுறன்" என்றார்.

கூட்டம் தொடங்க, கிறிஸ்டின் எழும்பி "சுவாமி" என்று வாய் திறந்தாள். இக்னேசியஸ் முந்தினார்.

"நீ இரு பிள்ளை. சுவாமி, முதலிலை நாலு பேர் வந்து செபஸ்தியாரைப் பலகையாலை இறக்குங்கோ. பிறகு பலகையைத் திருப்புங்கோ."

ஆளையாள் பார்த்தாலும் செய்தார்கள். திருப்பிய பலகையின் நடுத்துண்டில் இக்னேசியஸ் பெருவிரலை வைத்து அழுத்தினார். நனைந்த விசுக்கோத்தில் போவதுபோல விரல் உள்ளே போனது. வெள்ளைத் தூள் பொலபொலவென்று கொட்டியது.

"தூள் இதிலை இருந்துதான் விழுந்தது. செபஸ்தியாரிலை இருந்து இல்லை. இது தேக்கும் இல்லை. றப்பர். இரண்டு வருசத்துக்கு முன்னம் போட்டது நான், நிறம் பூசி மறைச்சதும் நான். என்ரை தங்கச்சி கேட்டவள், தேக்கெண்டு சொன்னதும் நான்தான். இந்தாங்கோ, இரண்டு தூளையும் தேய்ச்சுப் பாருங்கோ."

போத்தலும் தாளும் வாங்கு வாங்காகப் போனது. எல்லாரும் விரலைத் தேய்த்தார்கள். மூப்பர் பாக்கியரத்தினம் மூன்று தரம் தேய்த்தார். அவர் நேர்மையான மனிதர். "ஓம். இது வேறை" என்றார்.

கிறிஸ்டின் அண்ணனைப் பார்க்கவில்லை. ஒரே பாய்ச்சலில் பலகையடிக்குப் போய் வெளிச்சம் பிடித்து, "இது பவுடர் வண்டு! தேக்கின்ரை உள்மரத்தை இது தொடாது சுவாமி! ஆனால் ஓரத்திலை வெள்ளை மரம் கொஞ்சம் இருக்கு, அதுக்குள்ளை போயிருந்தால் திருப்பி வரும். பலகை வெறும் பலகைதானே, இதுக்குச் சூடு காட்டலாம்! நாளைக்கே என்ரை சூட்டறையிலை வைச்சு எடுக்கலாம்!" என்று மூச்சுவிடாமல் சொன்னாள். வாயில் தோல்விச் சொல்லோடு வந்தவளா இவள் என்றிருந்தது.

"நாளைக்குப் பத்தாம் திகதி. அதுக்குள்ளை முடிஞ்சால் பழையவர்தான்" என்றார் சுவாமியார்.

"ஏலாது" என்றார் கீழ்வட்டாரத்துப் பெரியவர் ஒருவர். "பலகை மதிலைத் தாண்டாது. செபஸ்தியார் ஏறாமல் தாண்டாது."

முனாப் பின்னால் இருந்து கேட்டார்: "ஏறினாத் தாண்டுமா?"

"ஏறினால் தாண்டும்."

"அப்ப ஏத்துங்களன். லொறிய நான் காலையில கொண்டு வாறன்."

அடுத்த நாள் காலை சீனக்குடா வீதியால் ஒரு மீன் லொறி போனது. பின்பக்கம் திறந்து கிடக்க, நேர்த்திப் பலகையில் நின்றபடி செபஸ்தியார் பயணம் போனார். இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு கீழ்வட்டாரத்து ஆண்கள் எட்டுப் பேர். பின்னால் மூப்பரின் முச்சக்கர வண்டி. எதிரே வந்த பஸ்காரர்கள் வேகத்தைக் குறைத்துச் சிலுவை போட்டார்கள். பட்டறை வாசலில் வேலைக்காரர் பன்னிரண்டு பேரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள்.

செபஸ்தியாரை இறக்கி அலுவலக மேசையில், மின்விசிறிக்குக் கீழே வைத்தார்கள். றப்பர்த் துண்டை இக்னேசியசே கழற்றினார். கிறிஸ்டின் தேக்கின் தடித்த இடத்தில் சிறிய துளை போட்டு வயர் முனையை விட்டு, கதவைப் பூட்டச் சொன்னாள். பிறகு எல்லாரும் சுவரில் இருந்த சின்னப் பெட்டியின் சிவப்பு எழுத்துக்கு முன்னால் கிரிக்கெட் பார்க்கிற சனம்போலக் கூடிவிட்டார்கள்.

"முப்பத்தெட்டு."

"நாப்பத்தொண்டு. ஏறுது, ஏறுது."

"கதிரையைத் தள்ளு, மூப்பருக்கு மறைக்குது."

ஐம்பத்திரண்டில் கொஞ்ச நேரம் நின்றது. பெரியவர் செபமாலையை எடுத்தார். ஐம்பத்து மூன்று. ஐம்பத்தைந்து. ஐம்பத்தாறு வந்ததும் எட்டுப் பேரும் ஒருமிக்கக் கத்த, கிறிஸ்டின் கையைத் தூக்கி அடக்கினாள்.

"இனித்தான் கணக்கு. முப்பது நிமிசம் இறங்கக்கூடாது."

இக்னேசியஸ் கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். முப்பதாம் நிமிடம் பெட்டியில் ஐம்பத்தெட்டு நின்றது. அவள் நிப்பாட்டவில்லை. "பத்து நிமிசம் கூட விடுவம். அண்ணன் செய்த வேலை, நம்பேலாது" என்றாள். அன்று அவள் அவரை நேரே பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது. பட்டறை முழுக்கச் சிரித்தது. இக்னேசியசும் சிரித்தார், நல்லாய்ச் சிரித்தார்.

மூப்பர் வெளியே போய்க் கனடாவுக்கு ரெலிபோன் எடுத்தார். உள்ளே எல்லாருக்கும் கேட்டது: "இல்லை மச்சான், இந்தமுறை பழையவர்தான் வெளிக்கிடுறார்... புதியவரைக் கல்லறையள் இருக்கிற சேமக்காலைச் சிற்றாலயத்திலை வைப்பம், அங்கை மழை ஒழுகுது, அவருக்குத்தான் ஒண்டும் செய்யாதே..."

பின்னேரம் பலகை ஆறியதும் செபஸ்தியார் அதிலேயே ஏறித் திரும்பினார். புதுத் துண்டுக்குத் தேக்கின் உள்மரம் மூப்பர் வீட்டில் இருந்து வந்தது. வெங்காரக் கரைசல் பூசினது கிறிஸ்டின். நிறம் பூச ஒருவரும் இக்னேசியசைக் கேட்கவில்லை. போட்ட துண்டு, துண்டாகவே தெரியட்டும் என்று வட்டாரம் முடிவெடுத்தது. இன்னொரு முடிவும் எடுத்தார்கள்: இந்த வருடம் முன் தண்டு அவருக்கு இல்லை.

இருபதாம் திகதி மழை விட்டிருந்தது. வெடி போட்டுச் சொரூபம் வெளிக்கிட, இக்னேசியஸ் தங்கச்சியோடு சனத்துக்குள் நின்றார். தண்டுக்குக் கீழே தோள் கொடுக்கிறவனுக்கு முன்னால் போகிறவனின் பிடரி மட்டும்தான் தெரியும். இருபத்தேழு வருடமாக அவர் ஊர்வலத்தில் செபஸ்தியாரின் முகத்தைக் கண்டதில்லை. வீதி விளக்கில் தேன் நிறத்தில், ஏழு அம்போடு, தலைகளுக்கு மேலே மிதந்து வந்த அந்த முகத்தைப் பார்த்தவர், அது கடந்து போனதும் கிறிஸ்டினின் கையைப் பிடித்து ஒழுங்கையால் இழுத்தார்.

"எங்கை அண்ணா?"

"குறுக்காலை போனால் அடுத்த சந்தியிலை முன்னாலை வரலாம். கெதியா வா."

அடுத்த சந்தியில் பார்த்தார்கள். அதற்கடுத்த சந்திக்கும் ஓடினார்கள். மூச்சு வாங்க நின்ற இடத்தில், புல்மோட்டையில் இருந்து வந்த ஒருவர் பக்கத்தில் நின்று, பழைய சொரூபமாம், பூச்சி பிடிச்சதாம், ஆரோ சுகப்படுத்தினதாம் என்று கதை சொல்லத் தொடங்கினார். இக்னேசியஸ் கிறிஸ்டினை அவருக்கு முன்னால் தள்ளிவிட்டார்.

"ஆரோ இல்லை ஐயா. இவதான். கேளுங்கோ, வடிவாய்ச் சொல்லுவா. கெதியாக் கேளுங்கோ, நாங்கள் அடுத்த சந்திக்கு ஓடவேணும்."